காலித் தொட்டியில் காந்தள்

எங்கள் மொட்டை மாடியில், தண்ணீர் டேங்க் நிழல் விழும் இடத்தில் நான்கு மண் தொட்டிகள் இருக்கின்றன. தை முடிந்து வைகாசி வரைக்கும் அவற்றில் ஒரு புல் பூண்டு இருக்காது, வெறும் மண்தான். ஒவ்வொரு கோடையிலும் அம்மா ஒருமுறையாவது கேட்டுவிடுவார். "சும்மாத்தானே கெடக்கு, கொத்தமல்லி தூவி விடவா?"

"சும்மா இல்லம்மா, உள்ள கிழங்கு தூங்குது."

மூன்று கோடை இப்படியே போனது. போன ஐப்பசியில் அந்தத் தொட்டிகளில் இரண்டில் செங்காந்தள் பூத்தது. 2022 ஆடியில் போட்ட விதை. கணக்குப் பார்த்தால் மூன்று வருஷமும் மூன்று மாதமும். கிழங்கு வாங்கி நட்டிருந்தால் நட்ட வருஷமே பூத்திருக்கும். ஏன் விதைதான் வேண்டும் என்று நின்றேன், அந்த மூன்று வருஷத்தில் என்ன நடந்தது என்பதையெல்லாம் எழுதி வைக்கத் தோன்றியது. நான் ஆரம்பித்தபோது விதையிலிருந்து காந்தள் வளர்த்தவர் ஒருவர்கூட எனக்குத் தெரிந்த வட்டத்தில் இல்லை.

நான் திண்டுக்கல்லில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். யூரிக் அமிலம் ஏறி, கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, செருப்பைக்கூட மாட்ட முடியாமல் வருவார்கள். டாக்டர் சீட்டில் கோல்சிசின் அரை மில்லிகிராம் என்று இருக்கும். பட்டையை எடுத்துக் கொடுத்து, எத்தனை வேளை என்று இரண்டு தடவை சொல்லி அனுப்புவேன். அந்தக் கோல்சிசின் நம் ஊர்க் காந்தளிலும் இருக்கிறது. டிப்ளமோ படித்தபோது மருந்துச் செடிகள் பாடத்தில் 'குளோரியோசா சுபர்பா' என்று மனப்பாடம் செய்தேன். அது சித்தப்பா வீட்டு வேலியில் படரும் கொடிதான் என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

எத்தனை பெயர் இந்த ஒரு செடிக்கு! காந்தள், செங்காந்தள், தோன்றி. கார்த்திகையை ஒட்டிப் பூப்பதால் கார்த்திகைப்பூ, ஈழத்தில் அதுதான் பெயர். கிழங்கு கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு. எங்கள் பக்கத்து விவசாயிகள் கேட்டால் கண்வலிக்கிழங்கு என்பார்கள், இல்லையென்றால் சுருக்கமாகக் கண்வலி. பூவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் வலிக்கும் என்று சின்ன வயதில் எங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். தமிழ்நாட்டின் மாநில மலர் இதுதான். ஜிம்பாப்வேக்கும் இதுதான் தேசிய மலர். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இயற்கையாகவே வளரும் செடி என்பதால் இரண்டு இடத்துக்கும் உரிமை உண்டு. சங்கப் பாட்டில் இது குறிஞ்சிப் பூ. மலைச்சாரலில், பாறை இடுக்கில், மழை பெய்த பிறகு சிவந்து நிற்கும் பூ. முருகனுக்குச் சூட்டுவதும் இதைத்தான், பெண்களின் விரலுக்கு உவமை சொல்வதும் இதைத்தான்.

சரி, சித்தப்பாவின் வேலிக்கு வருகிறேன். அவருக்குச் சிறுமலையில் கொஞ்சம் தோட்டம் இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறி, பதினெட்டு கொண்டை ஊசி வளைவு சுற்றி மேலே போனால் காற்றே வேறாக இருக்கும். வாழை, எலுமிச்சை, காப்பி, நடுவில் இரண்டு பலா. தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் பாறை. பாறையை ஒட்டிய முள்வேலியில் யாரும் நடாமல், யாரும் தண்ணீர் விடாமல் காந்தள் வருஷா வருஷம் வரும். 2022 தையில் பொங்கலுக்குப் போயிருந்தபோது கொடி காய்ந்து வைக்கோல் நிறத்தில் தொங்கியது. காய்கள் மட்டும் அப்படியே இருந்தன. ஒன்றிரண்டு மூன்றாகப் பிளந்திருந்தன. உள்ளே விதைகள் ஆரஞ்சும் சிவப்புமாக, மாதுளை முத்தை உருட்டி வைத்த மாதிரி வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. பூவைவிட இதுதான் எனக்குப் பிடித்துப்போனது. இதை விதைத்தால் என்ன என்று அந்த நிமிஷம்தான் தோன்றியது.

சித்தப்பாவுக்கு நான் சொன்னது புரியவில்லை.

"விதை எதுக்குத் தாயி? மூணு வருஷம் நாலு வருஷம் ஆகும். ரெண்டு கிழங்கு தோண்டித் தாரேன், இந்த ஆடியிலயே கொடி ஏறிரும்."

அவர் சொன்னது உண்மைதான். ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் ஏக்கர் கணக்கில் கண்வலி போடுபவர்கள் எல்லோருமே கிழங்கைத்தான் நடுகிறார்கள். ஆடி ஆவணியில் நட்டு, கம்பி கட்டி ஏற்றி, தை மாசியில் காய் பறித்துவிடுவார்கள். அவர்கள் விற்பது விதையை. மருந்து எடுக்கக் கம்பெனிகள் வாங்குவதும் விதையை. ஆனால் விதையை யாரும் விதைப்பதில்லை.

எனக்கு வேலியில் இருக்கும் கிழங்கைத் தோண்ட மனசு வரவில்லை. ஒரு கிழங்கைத் தோண்டினால் மலையில் ஒரு செடி குறையும், என் மாடியில் ஒரு செடி கூடும். மொத்தத்தில் ஒன்றும் கூடாது. காடுகளில் காந்தள் அரிதாகிப்போனதற்குக் கிழங்கைத் தோண்டித் தோண்டி விற்றதும் ஒரு காரணம். விதை அப்படி இல்லை. பாறையில் விழுந்து கருகிப் போகக்கூடிய முப்பது விதையில் பத்து முளைத்தாலும் அந்தப் பத்தும் புதுச் செடி, இதற்கு முன்னால் எங்குமே இல்லாத செடி. இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் வேலியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவரே இரண்டு காயைப் பறித்து ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை உறையில் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உறை மேல் சிவப்புப் பேனாவில் 'விஷம்' என்று எழுதினேன். இதை நான் எங்கே எழுதினாலும் அழுத்தித்தான் எழுதுவேன். காந்தளில் இலை, தண்டு, பூ, கிழங்கு, விதை எதுவுமே வாயில் வைக்கக்கூடியது இல்லை. கிழங்கும் விதையும் மிக மோசம். செல் இரண்டாகப் பிரிவதையே கோல்சிசின் நிறுத்திவிடும். அதனால்தான் உடம்பில் செல் வேகமாகப் பிரியும் இடங்களான குடலும் எலும்பு மஜ்ஜையும் முதலில் அடிவாங்கும். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து இதை அவித்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. கடையில் அரை மில்லிகிராம் மாத்திரைக்கே அத்தனை தடவை எச்சரிக்கை சொல்கிறோம், கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று யார் அளந்து பார்ப்பது? வீட்டில் தவழும் குழந்தையோ, கண்டதைக் கடிக்கும் நாய்க்குட்டியோ இருந்தால் இந்தச் செடி வேண்டாம். நான் கையுறை போடாமல் கிழங்கைத் தொடுவதில்லை. தொட்டிகளைச் சமையலுக்கான கறிவேப்பிலை, இஞ்சித் தொட்டிகளோடு சேர்த்து வைப்பதும் இல்லை. இஞ்சிக்குப் பக்கத்தில் இந்தக் கிழங்கு இருக்கவே கூடாது.

விதையை உடனே போடவில்லை. அதன் மேல் இருக்கும் சிவப்புத் தோலை மணலோடு சேர்த்துத் தேய்த்து எடுத்தேன். கழுவி நிழலில் காய வைத்தால் உள்ளே பழுப்பு நிறத்தில், மிளகைவிடச் சற்றுப் பெரிதாக, கல் மாதிரி இருந்தது. நகத்தால் அழுத்தினால் நகம்தான் வலித்தது. அந்த ஓடு இருக்கும் வரை தண்ணீர் உள்ளே போவது கடினம். மலையில் அதற்கு அவசரம் ஒன்றும் இல்லை. வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டு ஓடு தானாக இளகும். எனக்கு அவசரம் இருந்ததால் பாதி விதைகளை உப்புத்தாளில் லேசாக, நிறம் கொஞ்சம் மாறும் வரை உரசினேன். மீதியை அப்படியே விட்டேன். வித்தியாசம் தெரியட்டும் என்று தனித்தனியாகக் குறித்துக்கொண்டேன்.

ஆடி மூன்றாவது வாரம் முப்பது விதைகளையும் ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் குழித்தட்டில் விதைத்தேன். செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய இலை உரம் ஒரு பங்கு. தண்ணீர் நிற்கவே கூடாது என்பதால் மணலைக் கொஞ்சம் தாராளமாகவே சேர்த்தேன். பாறை இடுக்கில் வளரும் செடி என்பதை மறக்காமல் இருந்தால் மண் விஷயத்தில் தப்பு வராது. விதைக்கு மேல் அரை அங்குலம் மண். ஈரம் காயாமல் பூவாளியால் தூவினேன்.

ஒரு மாதம் ஒன்றும் இல்லை.

முப்பத்தாறாவது நாள் காலையில், வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், மூன்றாவது வரிசைக் குழியில் ஒரு பச்சை ஊசி தெரிந்தது. புல்லாக இருக்கும் என்று பிடுங்கப் போனேன். நல்லவேளை, குனிந்து பார்த்தேன். புல்லுக்கு அடியில் அந்தத் தடிப்பு இருக்காது. இரண்டு நாளில் ஊசி விரிந்து ஓர் இலையானது, சுண்டுவிரல் நீளத்துக்கு, ஓரம் வழவழப்பாக. அதன்பின் வாரத்துக்கு ஒன்று, பத்து நாளைக்கு ஒன்று என்று வந்துகொண்டே இருந்தன. ஒரே நாளில் ஊறப்போட்ட விதைகள் ஒரே நாளில் முளைக்கவில்லை. கடைசி முளை வந்தது கார்த்திகையில். உப்புத்தாளில் உரசிய பதினைந்தில் எட்டு, உரசாத பதினைந்தில் மூன்று. ஆக மொத்தம் பதினொன்று. இப்படி முன்னும் பின்னுமாக முளைப்பதில் ஒரு புத்திசாலித்தனம் இருப்பதாக எனக்குப் படுகிறது. முதல் மழையை நம்பி எல்லாமே தலை நீட்டி, அடுத்த மழை பொய்த்துப்போனால் மலையில் ஒன்றும் மிஞ்சாதே.

முதல் வருஷச் செடிக்கும் நாம் மனசில் வைத்திருக்கும் காந்தளுக்கும் சம்பந்தமே இருக்காது. நான்கைந்து இலை, ஒரு சாண் உயரம். நுனியில் சுருள்கூட இல்லை. முந்தி முளைத்தவை மார்கழி முடியும்போது மஞ்சளாகி, தையில் மடங்கி விழுந்தன. கார்த்திகையில் முளைத்த சின்னது அதற்குள் காய்ந்தே போனது. நோய் விழுந்துவிட்டது என்று பதறி ஒரு குழியை மட்டும் கிளறிப் பார்த்தேன். மண்ணுக்குள் மொச்சைப் பயறு அளவில், வெள்ளையாக, ஒரு பக்கம் கூராக ஒரு சின்னக் கிழங்கு இருந்தது. அந்த நான்கைந்து இலையும் ஐந்து மாதம் வெயிலில் உழைத்துச் சேர்த்தது இவ்வளவுதான். அதைத் திரும்ப மண்ணில் வைத்து மூடியபோது என் கை நடுங்கியது நிஜம்.

இலை காய்ந்ததும் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். கிழங்கு தூங்கும்போது மண் ஈரமாக இருந்தால் அழுகிவிடும். இதை நான் அம்மாவிடம் சரியாகச் சொல்லாமல் விட்டது என் தப்பு. சித்திரை வெயிலில் மண் வெடித்துக் கிடப்பதைப் பார்த்துப் பாவப்பட்டு, நான் கடைக்குப் போன பிறகு அம்மா தினமும் ஒரு சொம்பு ஊற்றியிருக்கிறார். ஆனி வந்து எல்லாவற்றையும் பெரிய தொட்டிக்கு மாற்றும்போது மூன்று கிழங்குகள் கூழாகிப் போயிருந்தன. அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. மறுநாள் அவரே தொட்டிகளின் மேல் ஒரு பழைய அஸ்பெஸ்டாஸ் துண்டைச் சாய்த்து வைத்து, மழையும் தண்ணீரும் படாதபடி மூடியிருந்தார். அன்றிலிருந்து அந்தத் தொட்டிகளுக்கு அம்மாதான் காவல். கொத்தமல்லி கேட்பது மட்டும் நிற்கவில்லை.

இரண்டாவது வருஷத்தை நான் மறக்கவே மாட்டேன். 2023 ஆனி கடைசியில், இரண்டு மழை பெய்ததும் ஏழு கிழங்குகளில் ஆறு முளைவிட்டன. இந்தத் தடவை முழங்கால் உயரம். ஆவணியில் ஒருநாள் மேல் இலைகளைப் பார்த்தபோது நுனி மட்டும் நீண்டு, நூல் மாதிரி மெலிந்து, கீழ்ப்பக்கமாக வளைந்திருந்தது. காந்தளுக்குப் பற்றுக்கம்பி என்று தனியாக ஒன்றும் கிடையாது. பாகலுக்கும் புடலுக்கும் தண்டிலிருந்து தனியாகச் சுருள் வரும். காந்தளில் இலையே நுனியில் கை ஆகிவிடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அப்படி நீண்டிருந்த ஒரு நுனிக்குப் பக்கத்தில் தென்னை ஈர்க்கு ஒன்றை, தொட்டும் தொடாமலும் குத்தி வைத்தேன். பதினோரு மணிக்குப் போய்ப் பார்த்தால் ஈர்க்கில் சாய்ந்திருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது அரைச்சுற்று. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தது. மெதுவாக இழுத்துப் பார்த்தேன், ஈர்க்குதான் மண்ணிலிருந்து வந்தது. சுற்றிய இடத்தில் இலை கொஞ்சம் தடித்து மஞ்சள் பாய்ந்திருந்தது. அன்று முழுக்க வேறு எந்த வேலையும் செய்யவில்லை.

அந்த வருஷமும் தையில் எல்லாம் மடங்கின. கிழங்கு இப்போது விரல் நீளம், இரண்டு கிளையாக வளைந்து, கலப்பைக் கிழங்கு என்ற பெயருக்குப் பொருத்தமாக இருந்தது. இதில் ஒன்று தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு வருஷமும் பழைய கிழங்கு தன்னிடம் இருப்பதையெல்லாம் கொடுத்துச் சுருங்கி, காய்ந்த தோலாகிவிடுகிறது. அதற்குப் பதிலாகப் புதுக் கிழங்கு உருவாகிறது. பல்லாண்டுச் செடி என்று புத்தகத்தில் படித்தபோது ஒரே கிழங்கு பல வருஷம் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். மண்ணுக்கு மேலே மட்டுமில்லை, கீழேயும் வருஷத்துக்கு ஒருமுறை எல்லாம் புதிது.

2024 எனக்குச் சோதனையான வருஷம். ஆனியில் தொட்டி மாற்றும்போது அவசரப்பட்டேன். இரண்டு கிளைகளின் நுனியில்தான் முளைக்கும் கண் இருக்கிறது, கிளைக்கு ஒன்று. உருளைக்கிழங்கு மாதிரி உடம்பெல்லாம் கண் கிடையாது. மண்ணைத் தட்டும்போது ஒரு கிழங்கின் இரண்டு நுனியும் சுண்ணாம்புக் கட்டி மாதிரிச் சத்தமே இல்லாமல் உடைந்து விழுந்தன. எப்படியாவது வரும் என்று நட்டு வைத்தேன். வரவில்லை. அதனால் இதைச் செய்யப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கிழங்கை எடுக்காதீர்கள். முதலிலேயே ஒரு முழ ஆழத் தொட்டியில் வைத்துவிட்டால் மூன்று வருஷமும் அங்கேயே இருக்கலாம். எடுத்தே ஆக வேண்டும் என்றால் மண்ணோடு சேர்த்து அள்ளுங்கள்.

அப்புறம் புழு. புரட்டாசியில் இடுப்புயரம் வந்த செடி ஒன்றில் காலையில் பார்த்தால் இலைகளில் பாதி இல்லை. கறுப்பு உடம்பில் வெள்ளையும் ஆரஞ்சுமாகப் புள்ளி வைத்த புழுக்கள், ஏழெட்டு, வரிசையாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தன. நம்மைக் கொல்லக்கூடிய விஷத்தை அது சாவகாசமாக மென்று தின்கிறது! தேடிப் படித்ததில் அதன் அறிவியல் பெயரிலேயே காந்தள் இருந்தது: பாலிடெலா குளோரியோசே. லில்லி இனச் செடிகளைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழு. மருந்து அடிக்க எனக்கு மனமில்லை. நாலைந்து செடி வைத்திருப்பவள் கையால் எடுத்தாலே போதும். கையுறை மாட்டி ஒவ்வொன்றாக எடுத்தேன். ஆனால் நான் பார்ப்பதற்குள் ஒரு செடியின் குருத்தையே தின்று முடித்திருந்தன. அந்த வருஷம் பூ இல்லை. எண்ணிக்கை நான்கில் வந்து நின்றது.

அந்தக் கார்த்திகையில் சித்தப்பா போன் செய்து, "வேலியில பூத்திருக்கு, வந்து பாத்துட்டுப் போ தாயி" என்றார். போகவில்லை. என்னுடையது பூக்காமல் அங்கே போய்ப் பார்க்கப் பிடிக்கவில்லை.

2025 ஆடி முதல் வாரம், நான்கு தொட்டியிலும் முளை வந்தது. முளையைப் பார்த்தவுடனே தெரிந்தது, இது வேறு மாதிரி என்று. முந்தைய வருஷம் பென்சில் முனை மாதிரி வந்தது, இப்போது சுண்டுவிரல் தடிமனில் மண்ணைப் பிளந்துகொண்டு வந்தது. நாளைக்கு இரண்டு அங்குலம்கூட ஏறியது. மூங்கில் குச்சி நட்டு நைலான் கயிறு கட்டிக் கொடுத்தேன். புரட்டாசியில் என் தோள் உயரம் வந்து, மேல் இலைகளின் கக்கத்தில் பச்சையாக, தலை குனிந்து ஒரு மொட்டு. மறுநாள் இன்னொன்று.

மொட்டு விரிவதை நான் எட்டு நாள் பார்த்தேன். முதலில் ஆறு இதழும் பச்சையாக, கீழ்நோக்கிக் குவிந்திருந்தன. மொட்டு விரியும்போது இதழ்கள் பின்பக்கமாக மடங்கி மேல்நோக்கித் திரும்பிக்கொண்டன. அதனால் பூ தலைகீழாகத் தொங்கினாலும் இதழ்கள் தீக்கொழுந்து மாதிரி வானத்தைப் பார்த்தன. ஓரமெல்லாம் நெளிநெளியாக, யாரோ உட்கார்ந்து கொசுவியது போல. இரண்டாம் நாள் அடியில் மஞ்சள், நுனியில் பச்சை மறைந்து செம்மை. நாலாம் நாள் நுனி நல்ல சிவப்பு, அடி மஞ்சள். இந்தக் கோலத்தில்தான் படங்களில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன்பின் சிவப்பு மெல்ல அடிவரை இறங்கி, எட்டாம் நாள் பூ முழுக்கக் குங்குமமானது. அம்மா தினமும் காலையில் காப்பித் தம்ளரோடு மாடிக்கு வந்துவிடுவார். ஒருநாள் பூவின் முன்னால் தன் கையை நீட்டி, விரல்களை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த உவமை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை.

பூ விரிந்த அன்றே பார்த்தால் இன்னொன்று தெரியும். சூல்தண்டு பூவின் நடுவிலிருந்து நேராக வராமல், அடியிலேயே முழங்கை மடக்கியது போல் ஒரு பக்கமாக மடங்கிப் போய்விடுகிறது. ஆறு மகரந்தத் தண்டும் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி வெளியே விரிந்து நிற்கின்றன. தன் மகரந்தம் தன் மேலேயே சுலபமாக விழாதபடி ஓர் ஏற்பாடு. வண்ணத்துப்பூச்சியோ தேன்சிட்டோ வந்தால்தான் வேலை நடக்கும். எங்கள் மாடிக்கு அவை எப்போதாவதுதான் வரும். எங்கள் கடைக்கு மூலனூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் மாதம் ஒருமுறை சர்க்கரை மாத்திரை வாங்க வருவார், கண்வலி போடுகிறவர். அவரிடம் கேட்டேன்.

"காலம்பற வெயில் ஏறுறதுக்குள்ள தொட்டு வச்சிரணும்மா. ஒரு பூவுல இருந்து எடுத்து இன்னொரு பூவுல வைங்க. நாங்க ஆள் விட்டுத்தான் செய்யறோம், பூ பூவா."

ஏக்கர் கணக்கில், ஒவ்வொரு பூவாக, கையால்! அந்த விதையின் விலை ஏறி இறங்கும் கதையை அவர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். அன்றைக்குத்தான் அதன் பின்னால் எத்தனை விரல் வலி இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு பூவிலிருந்து மகரந்தப் பையை இடுக்கியால் கிள்ளி, பக்கத்துத் தொட்டியில் பூத்திருந்த பூவின் சூல்முடியில் தடவினேன். மஞ்சள் தூள் ஒட்டிக்கொண்டது நன்றாகத் தெரிந்தது. இரண்டு தொட்டியிலும் சேர்த்து அந்தப் பருவத்தில் ஒன்பது பூக்கள். நான்கு காய் பிடித்தது. ஒன்று பாதியில் உதிர்ந்தது. மற்ற மூன்றும் விரல் நீளம் வளர்ந்து, பச்சையிலிருந்து வெளிறி, தோல் சுருங்கத் தொடங்கியபோது கொடியும் காயத் தொடங்கியது. இந்தத் தையில் முதல் காய் பிளந்தது. அதே ஆரஞ்சு, அதே சிவப்பு, அதே வரிசை.

மூன்று காயிலும் சேர்த்து நூற்று முப்பத்திரண்டு விதைகள். பாதியை எடுத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை சிறுமலைக்குப் போனேன். சித்தப்பாவுக்கு இப்போது மூட்டு வலி, முன்பு மாதிரி ஏறி இறங்க முடியவில்லை. ஆனாலும் பாறை வரைக்கும் தடியூன்றி வந்தார். வேலி ஓரத்தில் கல் இல்லாத இடமாகப் பார்த்து மண்வெட்டியால் லேசாகக் கீறி, விதைகளை ஒவ்வொன்றாக, முழத்துக்கு ஒன்றாகப் போட்டு மண்ணைத் தள்ளி மூடினேன். இந்தத் தடவை உப்புத்தாளில் எதையும் உரசவில்லை. இங்கே ஓட்டை இளக வைக்க வெயில் இருக்கிறது, மழை இருக்கிறது. மேற்கு மூலையில் பாறை நிழல் விழும் இடம் மட்டும் மீதி இருந்தது. கையில் கடைசியாக ஐந்தாறு விதைகள் இருந்தன.

"அதை என்கிட்ட குடு" என்றார் சித்தப்பா. வாங்கி, தடியின் நுனியாலேயே குழி போட்டு, ஒவ்வொன்றாகப் போட்டு, காலால் மண்ணை இழுத்து மூடினார். "இது எப்பப் பூக்கும்?"

"ரெண்டாயிரத்து முப்பதுல பூத்துரும் சித்தப்பா."

"சரி" என்று சொல்லிவிட்டு, எந்த இடம் என்று தெரிவதற்காக மேலே மூன்று கல்லை அடுக்கி வைத்தார்.